சியாங் மாய்க்கு நான் மட்டும்

ஞாயிறு, டிசம்பர் 7

இன்று அவரிடம் சொல்லிவிட்டேன். தாய்லாந்தில் மூன்று வாரமும் ஒன்றாகவே சுற்ற வேண்டாம். நடுவில் நீங்கள் தீவுக்குப் போங்கள், நான் மலைப்பக்கம் சியாங் மாய்க்குப் போகிறேன், பிறகு பாங்காக்கில் சேர்ந்துகொள்ளலாம் என்றேன். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. அவருக்கோ, கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் இத்தனை காலம் வேலை பார்த்தும் கப்பல் ஆசை தீரவில்லை.

"தனியாவா? பாஷை தெரியாத ஊர்ல?" என்றார்.

"கல்யாணமாகி பெஹாலாவுக்கு வந்தப்போ எனக்கு பெங்காலி தெரியுமா? காய்காரன்கிட்ட சண்டை போட்டே கத்துக்கலை?"

எழுந்து போய்விட்டார். சாயங்காலம் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். கிளம்புவதற்கு முன்பே பயணத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று உறுத்தியது. ஆனாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

தோசை வார்க்கும்போது சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நீ எங்க போனாலும் சமாளிச்சுப்பே. நான் சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவேன்? மீன் போடாதேன்னு அவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

எந்த ஓட்டலுக்குப் போனாலும் இவருக்கும் சேர்த்து நான்தான் சொல்வேன். அது இன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, போனில் 'மீன் வேண்டாம், கறி வேண்டாம்' என்பதைத் தாய்லாந்து மொழியில் ஒலிக்கவிட்டு, அவரைத் திரும்பச் சொல்ல வைத்தேன். கன்னாபின்னாவென்று வந்தது.

நாளை என் டிக்கெட்டை நானே போடப்போகிறேன்.

உள்ளே படுத்தபடி இன்னும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மீன் வரைக்கும் சரியாக வந்துவிட்டது.