எனக்கு விட்டுத்தந்த சீட்டுகள்

செவன் ஹில்ஸ்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் சுஜீதனுக்கு,

நீயும் அம்மாவும் சேர்ந்து நான்கு மாதமாக இணையப் போக்கர் மேசையில் என்னை வெல்ல வைத்து ஏமாற்றியிருக்கிறீர்கள். இதை எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிக்கிறேன். அங்கே அடுத்த மாநிலத்தில், கிளென் வேவர்லியில் நீயும் மருமகள் தர்ஷனாவும் நலமாக இருக்க வேண்டும், இங்கே அம்மாவுக்கு முழங்கால் நோவைத் தவிர வேறு குறை இல்லை, என் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று சொல்லி வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அம்மா எனக்குத் தேத்தண்ணீர் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனார், அவருடைய போன் என் கதிரைக்குப் பக்கத்தில் கிடந்தது. வெளிச்சம் வந்தது, பார்த்தேன். "அம்மா, அப்பாட்ட என்ன இருக்கு?" என்று நீ கேட்டிருந்தாய். மேலே தள்ளிப் பார்த்தேன். "ஏழும் ரெண்டும்தான், ஒண்டுக்கும் உதவாது, ஆனா மனுசன் துணிஞ்சு கட்டப்போகுது, நீ விலத்து ராசா" என்று முந்தின கிழமை அம்மா எழுதியிருக்கிறார். அதற்கு நீ, "என்னட்ட ராசாச் சோடி, பரவாயில்லை, எறிஞ்சிட்டன்" என்று எழுதி ஒரு சிரிப்புப் படமும் போட்டிருக்கிறாய். அந்த ஆட்டத்தை வென்றதற்கு நான் இரண்டு நாள் பெருமை பேசித் திரிந்தேன்.

காசில்லாத வெறும் சிப்ஸ் ஆட்டம்தானே என்று சொல்லாதே. பழைய மாணவர் சங்கத்து மேசைக்கு ஒழுங்கு வேண்டும் என்று அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இணையத்தில் படித்து எழுதிக்கொடுத்தவன் நான். ஒருவர் கையிலுள்ள சீட்டை மற்றவருக்குச் சொல்லக்கூடாது, ஆட்டம் முடியும்வரை எறிந்த சீட்டைப் பற்றித் திரையில் எழுதிப் பேசும் சற் பெட்டியில் வாய் திறக்கக்கூடாது, வெல்லும் சீட்டை வைத்துக்கொண்டு நேரத்தை இழுத்து மற்றவனை வதைக்கக்கூடாது, பெரிதாக வென்ற கையோடு எழுந்து ஓடக்கூடாது, உறவுக்காரன் என்று விட்டுக்கொடுக்கவும் கூடாது. ஊரில் முந்நூற்றிநாலு சீட்டாட்டத்தில் கூட்டாளியைப் பார்த்து ஆடிப் பழகியவர்களுக்கு, போக்கரில் கூட்டாளியே கிடையாது என்று விளங்கப்படுத்த எனக்கு எத்தனை கிழமை எடுத்தது. எங்கள் மேசையில் ஆடும் கௌரிசங்கர் தன் மச்சானுக்கு விட்டுக்கொடுத்தான் என்று அவனை இரண்டு கிழமை வெளியே நிறுத்தியதும் நான்தான். "அண்ணை, என்ர மனுசியின்ர தமையன், அவரை உரிச்சுப்போட்டு வீட்டில எப்பிடி இருக்கிறது?" என்று கெஞ்சினான், எல்லாரும் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை.

ஆனால் என் மனத்தைப் போட்டு அரிப்பது அதுவல்ல. எனக்குப் பயமாக இருக்கிறது மகன். வைகாசியில் ஹோம்புஷ் ஸ்டேசனில் ரயிலேற நின்றவன், வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஒரு மணித்தியாலம் அங்கேயே வாங்கிலில் உட்கார்ந்திருந்ததை உங்கள் இருவருக்கும், பிறகு டொக்டருக்கும் மட்டும்தான் சொன்னேன். டொக்டர் ஹரிப்பிரியா ஞாபகச் சோதனை செய்ய வேண்டும் என்றபோது, கிழமைக்குக் கிழமை சீட்டில் வெல்லுகிறவனுக்கு என்ன சோதனை என்று மறுத்தேன். அவரும் சிரித்து, "சரி அங்கிள், கொஞ்ச நாள் பார்க்கலாம்" என்று விட்டுவிட்டார். அந்த வெற்றிகளை நம்பித்தான் நித்திரை கொண்டேன். இப்போது எதை என் மூளை வென்றது, எதை நீ தந்தாய் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஆகவே இனி நடக்க வேண்டியதைக் கேள். ஆட்டத்தின்போது அம்மா போனைக் குசினி லாச்சிக்குள் வைத்து மூடுவார், என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கமாட்டார், சொல்லிவிட்டேன், அழுதார், ஆனால் வைப்பார். மேசையை நடத்தும் இந்திரகுமாருக்கு நடந்ததை நீ உன் பெயரில் எழுத வேண்டும். கௌரிசங்கரிடம் நான் மன்னிப்புக் கேட்பேன். நானும் நீயும் இரண்டு கிழமை வெளியே நிற்போம், அதன்பிறகு ஆடும்போது என்னிடம் உள்ளதையெல்லாம் பறிக்கவே நீ பார்க்க வேண்டும். நீயும் தர்ஷனாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. சோதனைக்கு வருகிற பதினெட்டாம் திகதி காலை பத்து மணிக்கு நாள் எடுத்துவிட்டேன், மறக்காமல் லீவு போடு. குடும்பத்தில் ஒருவர் கூட வந்து கண்டதைச் சொல்ல வேண்டுமாம். அம்மா மறைப்பார், நீ வா. என்னிடம் எதைக் கண்டு விட்டுக்கொடுக்கத் தொடங்கினாய் என்பதை, அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்று பாராமல், நீதான் டொக்டருக்குச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா