சீக்கிரம் அடங்கிய ஆட்டம்

பிஷ்கெக்

அன்பு மகன் எர்மெக்குக்கு அம்மா எழுதுவது. நான் நலம், முழங்கால் மட்டும் குளிர் வருமுன்பே முணுமுணுக்கிறது. நீயும் மருமகள் மீரிமும் குழந்தையும் மாஸ்கோவில் சுகமாக இருப்பதாக நானே நினைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நேற்றுப் போனில் நீ நலம் கேட்கவுமில்லை சொல்லவுமில்லை, "நீ எனக்கு அம்மாவா, இல்ல ஆய்வாளரா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். இரண்டும்தான். உன் போனுக்கே அனுப்புகிறேன், இப்போது முழுதாகப் படி.

தரைத்தளத்தில் உன் பேரிலிருக்கும் வீட்டைத் தைலாக்குக்குத் தேநீர்க்கடை வைக்க வாடகைக்கு விட்டாய், சரி, நடுச்சுவரை இடித்துக் கூடத்தைப் பெரிதாக்கிக்கொள் என்றாயே, யாரைக் கேட்டுச் சொன்னாய்? வெறும் தடுப்புதானாம். தலைமேல் எட்டு மாடி உட்கார்ந்திருக்கிறது, அதற்குப் பெயர் தடுப்பா? நிலநடுக்க ஆய்வு நிலையத்தில் காலமெல்லாம் கட்டடங்களின் ஆட்டத்தை அளந்தவள் பெற்ற பிள்ளை நீ, வெளியில் சொல்லிவிடாதே. நடுச்சுவர் போனதில் கட்டடம் தளர்ந்துவிட்டது என்று குடியிருப்பவர்களிடம் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை, தைலாக்தான் மிச்சச் சுவரையெல்லாம் பளபளவென்று பலகை அடித்து மூடிவிட்டானே. அதனால் பழைய நிலையத்தில் ஆட்டம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி மொட்டைமாடிக்கு ஏற்றி எல்லோரையும் கூப்பிட்டேன். பக்கத்து வீட்டு சோனுன், "இங்க என்ன கல்யாண ஆட்டமா? பூர்சோக் பலகாரம் எங்கடி?" என்று கேலி செய்துகொண்டேதான் வந்தாள். லிஃப்ட் அறைச் சுவரில் வரிசையாகக் கை வைத்து என் கைதட்டலுக்கு எல்லோரும் ஒன்றாகத் தள்ளினார்கள். நாம் குடிவந்த புதிதில் நானே அளந்த, கட்டடம் இயல்பாக ஆடும் தாளத்தில் முதலில் தட்டினேன், கணினித் திரையில் கோடு அசையவே இல்லை. பிறகு மெதுவாகத் தட்டினேன், கோடு வீங்கிக்கொண்டே போயிற்று. கட்டடம் தளர்ந்தால்தான் அதன் தாளம் இப்படி மந்தமாகும். நிறுத்துங்கள் என்றதும் ஆட்டம் சட்டென்று அடங்கியது, கூப்பிடாமலே வந்திருந்த தைலாக்குக்கு ஒரே குஷி. "பாத்தீங்களா, எவ்வளவு சீக்கிரம் நின்னுடுச்சு, கட்டடம் கெட்டிதான்" என்றான். "கெட்டியா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் ஆடியிருக்கும் தம்பி, உள்ள விரிசலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசி ஆட்டத்தைத் தின்னுது" என்றேன். சோனுன் கீழே இறங்கிப் போய் அவன் பலகையைப் பெயர்த்தாள். பின்னால் விரல் நுழைகிற விரிசல். அதற்குப் பிறகு யாரும் கேலி செய்யவில்லை.

குத்தகை முடியும்வரை வாயை மூடிக்கொண்டு மாஸ்கோவுக்கு வந்துவிடு என்று முன்பே சொன்னாய். வரமாட்டேன். எனக்கு உன்மேல் கோபம், அதைவிட வெட்கம். நான் ரயிலேறிவிட்டால் சோனுனின் மகள் நிறைவயிற்றோடு எங்கே போவாள்? இந்த ஊர் நிலம் உன் குத்தகைத் தேதியைக் கேட்டுக்கொண்டா குலுங்கும்? இன்று காலை நகரக் கட்டட அலுவலகத்துக்குப் போய்ப் புகார் கொடுத்தேன். வீட்டுக்காரர் பெயரை எழுதிக்கொண்ட பெண் அவரைத் தெரியுமா என்று கேட்டாள். பெற்றவள் என்றேன். பேனாவை வைத்துவிட்டு, "ஒரு வாரம் வேணும்னா பொறுக்கலாமா அம்மா?" என்றாள். "வேண்டாம், எழுது" என்றேன்.

குழந்தையின் இரண்டு கன்னத்திலும் என் முத்தம், மீரிமுக்கு என் ஆசி, உனக்கும்தான், நீண்ட ஆயுளும் நேரான புத்தியும் இறைவன் தரட்டும், ஓமின். ஒன்றை மறக்காதே, ஆய்வாளர்கள் வியாழனன்று வருகிறார்கள். அதற்குள் சுவரைத் திருப்பிக் கட்ட நீயே ஆள் வைத்தால் உனக்கு மரியாதை. வைக்காவிட்டால் அவர்கள் கட்டவைப்பார்கள், உன் பெயர் போட்ட காகிதம் வாசலில் தொங்கும், நான் அதைக் கிழிக்கமாட்டேன்.

ஆறாவது மாடியை விட்டு நகராத
உன் அம்மா
புருல்ச்சா