பென்சனுக்குக் கிடைக்காத பாத முத்தி

இயேசு மரி சூசை துணை.

என் செல்ல மகள் ஜோவிதாவுக்கு, நீ பிறந்த அன்று உன்னைக் கையில் வாங்கியவனும் உன் அப்பன் போன பிறகு தோளில் வாங்கிக்கொண்டவனுமான சித்தப்பன் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் உன் சித்தியும் அவளுடைய முட்டிவலியும் சௌக்கியம், என்னுடைய சர்க்கரை என்னைவிடச் சௌக்கியம். அயர்லாந்துக் குளிரும் ஆஸ்பத்திரி டியூட்டியும் உன்னைப் படுத்தாமல் இருக்க ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கிறோம். பெரிய வெள்ளிப் பாஸ்கா நாடக வீடியோவை ஏன் இன்னும் அனுப்பவில்லை என்று நீ மூன்று தரம் கேட்டுவிட்டாய், நானும் நெட் சரியில்லை என்று புளுகிக்கொண்டே இருந்தேன். நெட்டெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது மகளே. போனில் உன் குரல் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால்தான் காகிதம்.

நம்ம ஊர் பாஸ்காவின் பெருமையை உன் அறைத் தோழி ஷாலினுக்கு நீ எவ்வளவு அளந்திருப்பாய் என்று தெரியும், அளக்கச் சொல்லிக் கொடுத்தவனே நான்தானே. காலரா வந்து ஊரே காலியாகும் நேரத்தில் நேர்ந்துகொண்ட நாடகம், ரோமாபுரியில்கூட இப்படி நடக்காது, என் குரலைக் கேட்டு ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் பிரேக் போட்டு நிற்கும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடமாகியிருக்கும். நான் சொல்லாமல் விட்டதையும் இப்போது அவளுக்குச் சொல். ஆதியில் இயேசுவாக ஆள் நடிக்கவில்லை, மரத்தில் செய்த சுரூபத்தைத்தான் சிலுவையில் ஏற்றி இறக்கினார்கள். பிறகு ஒரு பங்குச் சாமியார் மனுஷனே நடிக்கட்டும் என்று சொல்லப்போக, எந்தத் தெரு மனுஷன் என்று கேள்வி கிளம்பி, பெரிய தெருவும் காலனியும் மண்டையை உடைத்துக்கொண்டு, போலீஸ் வந்து, பல வருஷம் நாடகமே நின்றுபோனது. கடைசியில் பேசிமுடித்த ஒப்பந்தம் இதுதான்: இயேசுவும் அப்போஸ்தலர்களும் பெரிய தெரு, சாட்டை பிடிக்கிற சேவகர்களும் சிலுவை செய்கிறவர்களும் காலனி. சிலுவையிலிருந்து இறக்கியதும் இயேசுவாக நடித்தவரை மல்லிகைப் பூ விரித்த கட்டிலில் கிடத்தி, ஊரே வரிசையில் வந்து அவர் காலில் முத்தமிட்டுப் பாத முத்தி செய்யும். பெரிய தெருக் காலைக் காலனி முத்தி செய்து செய்து அதுவே வேதம் மாதிரி ஆகிவிட்டது, பெரிய தெருக்காரர்களான நமக்கும் உறுத்தவில்லை.

இந்த வருஷம் பெரிய தெருவில் ஒருத்தனும் இயேசுவாக முன்வரவில்லை. தவக்காலம் நாற்பது நாளும் தாடி வளர்க்க வேண்டும், கம்பெனியில் தாடி கூடாது, பெரிய வெள்ளிக்கு லீவும் கிடையாது. அப்போதுதான் நீ உன்னோடு படித்த பென்சனுக்குப் போன் போட்டு, நீ நடிடா, சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்று தைரியம் சொன்னாய். காலனி அருள்மேரி மகன் அவன், பிரேக் பாகம் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. லைனில் சூபர்வைசர், "இன்னாடா தாடி, லவ் பெயிலியரா?" என்று கேட்டதற்கு, "இல்ல சார், இயேசு" என்றானாம். அவர் பயந்துபோய், "சரி, உயிர்த்து எழுந்தன்னிக்கு ஓ.டி. பாத்துக் குடுத்துடு" என்று விட்டுவிட்டாராம். கமிட்டித் தலைவர் சூசைராஜும் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

மகளே, அந்தப் பையன் நடித்ததை நான் எப்படிச் சொல்ல. இயேசுவின் உடலை இறக்கி அடக்கம் செய்கிற அரிமத்தியா யோசேப்பு வேடத்தில் நான் ஏணியில் ஏறி அவனை இறக்கினேன். கட்டிலில் கிடத்தினோம். கீழே வரிசையில் முதல் ஆளாக அருள்மேரி நிற்கிறாள், ஆயுசு முழுக்கக் கடைசியில் நின்றவள். அந்த நேரம் சூசைராஜ் என் காதில், "ஜுரம் பரவிக்கினு கீது, ஆளு காலு வாணாம், சுரூபத்த வெச்சிடலாம், உன் குரல்ல சொன்னா எவனும் கேள்வி கேக்க மாட்டான்" என்றார். போன வருஷம் அவருடைய மருமகன் காலுக்கு ஊரே முத்தம் கொடுத்தபோது எந்த ஜுரமும் இல்லை. தெரிந்தும் நான் மைக்கை வாங்கினேன். ஏதோ ராஜகட்டளை போல, நோய் காரணமாகப் பாத முத்தி சுரூபத்துக்கு மட்டும் என்று முழங்கினேன். பென்சன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். எழுந்து ஓரமாய்ப் போய் உட்கார்ந்தான், கட்டிலில் சுரூபம் வந்தது, பெரிய தெரு வரிசையாய் முத்தி செய்துவிட்டு அவனைத் தாண்டிப் போனது. அவனோடு வேலை செய்கிற விஜய், சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்துப் பூவோடு வந்திருந்த பிள்ளை, கோயில் பக்கமே வராதவன், என்னிடம் வந்து, "பெர்சு, அடிக்கிற வரைக்கும் ஆளு வேணும், முத்தம் குடுக்க மட்டும் பொம்மையா?" என்று கேட்டான். நான் மைக் வயரைச் சுருட்ட ஆரம்பித்தேன். அருள்மேரி யாரையும் திட்டவில்லை. குடத்துத் தண்ணீரில் மகன் காலிலிருந்த சிவப்புச் சாயத்தைக் கழுவிவிட்டு, "எழுந்துரு கண்ணு, காலைல ஷிப்டு கீது" என்று கூட்டிப் போனாள். ஈஸ்டர் பூசைக்குக் காலனியிலிருந்து ஒருவரும் வரவில்லை.

திங்கட்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனேன். உன் சித்திதான் துரத்தினாள், போகாவிட்டால் சோறு கிடையாது என்றாள். மன்னிப்பு என்று நான் ஆரம்பிக்கும் முன்பே அருள்மேரி டீயை நீட்டி, "மைக்குல சொன்னத வூட்டுக்குள்ள வந்து முணுமுணுத்தா எப்டிண்ணா? அதையும் மைக்குலயே சொல்லேன்" என்றாள். பென்சன் மழித்த முகத்தோடு ஷிப்டுக்குக் கிளம்பினான், என்னைப் பார்க்கவில்லை.

சாமியாரிடம் கேட்டுவிட்டேன், வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் மைக் தருகிறார். சூசைராஜ் என் வேடத்தைப் பறித்துவிட்டார், பெரிய தெருவில் பாதிப் பேர் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதை எழுதி எழுதிக் கிழித்தேன், கடல், இடி, மின்னல் எல்லாம் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் மிஞ்சியது இவ்வளவுதான்: "அன்றைக்கு ஊரில் நோய் இல்லை. பென்சன் காலனிப் பையன் என்பதால் சுரூபத்தை வைத்தோம். பொய் என்று தெரிந்தே அறிவித்தவன் நான்."

மாதா உன்னைப் பொத்திக் காப்பாளாக, வேலையில் உயர்வும் உடம்பில் சுகமும் தருவாளாக. வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இந்தக் காகிதம் படித்ததும் என்னைக் கூப்பிடாதே, முதலில் பென்சனைக் கூப்பிடு. சித்தப்பா பார்த்துக்கொள்வார் என்று நீ சொன்ன வார்த்தைக்கு அவனிடம் பதில் சொல்ல வேண்டியவளாக உன்னையும் ஆக்கிவிட்டேன்.

வெட்கத்தோடு,
உன் சித்தப்பன் ஞானப்பிரகாசம்