ஃபாதர் கெராசிமின் மூச்சு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா வேளைக்குச் சாப்பிடுகிறாரா? கான்ஸ்டன்ட்ஸாவில் நான் சுகம்தான்.

ஒரு நல்ல செய்தி அம்மா. முந்தாநாள் கெராசிம் என்ற பாதிரியாரை ஆஸ்துமா முற்றி, உதடு நீலம் பாரித்த நிலையில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். உடனே தொண்டையில் குழாய் இறக்கியாக வேண்டும். பெரிய டாக்டர் ஆபரேஷனில் இருந்ததால், நான்தான் இறங்கினேன்.

முதலில் மயக்க மருந்து, உடனே தசைகளைத் தளர்த்தும் மருந்து. அது ஏறிவிட்டால் நோயாளியால் தானாக மூச்சுவிட முடியாது. அடர்ந்த தாடியில் ஆக்சிஜன் மாஸ்க் வேறு பதியாததால், தாடிமேல் ஜெல்லை அப்பி அமுக்கிப் பிடித்தோம்.

"இனி அவர் மூச்சு உங்க கையிலதான் டாக்டர்," என்றாள் நர்ஸ் செவஸ்தீட்சா.

முதல் முயற்சியிலேயே குழாய் இறங்கியது! அவர் மார்பு சீராக ஏறி இறங்கியதும், செவஸ்தீட்சா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

இன்று காலை குழாயை எடுத்தோம். கரகரத்த குரலில் அவர் கேட்ட முதல் கேள்வி: "யாரும்மா என் தாடியில பசையத் தடவுனது?"

"நான்தான் ஃபாதர்!" என்றேன். வார்டே சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த பார்சலில் வால்நட் ஜாம் வையுங்கள். உங்கள் பழைய சால்வையையும் அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே போதும்.

ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள்
ஸம்ஃபிரா