ஒரே வரியில் இரண்டு மெயில்

ஒக்டோபர் 13, திங்கள்

மதியத்திலிருந்து மழை. கடை வாசலில் சாக்கு விரித்தேன், அதுவும் ஊறிவிட்டது. ஃபோட்டோகொப்பி மெஷினில் டோனர் முடியப்போகிறது. லெமினேட் இரண்டு. பல்கலைக்கழகத்துக் கெம்பஸ் பிள்ளைகள் ஒருவரும் வரவில்லை.

கமலா அக்காவுக்குப் பதில் வந்தது. பராமரிப்பு உதவியாளர் பயிற்சி, வெள்ளிக்கிழமை நேர்முகம். ப்ரிண்ட் எடுத்தேன், ஃபோனில் கோல் எடுத்துச் சொன்னேன், மெயிலை அழித்தேன். கலஹா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து அக்காமாருக்குச் சொந்த மெயில் கிடையாது. விண்ணப்பத்தில் எங்கள் கடை மெயிலைத்தான் போடுவார்கள். ப்ரிண்ட் எடுத்தது எதுவும் திரையில் கிடக்கக் கூடாது, இது கடைக்காரர் ரியாஸ் நானாவின் சட்டம்.

பின்னேரம் யோகேஸ் அக்கா நனைந்தபடி வந்தார். அவரும் அதே பயிற்சிக்குத்தான் போட்டிருக்கிறார்.

"தங்கச்சி, எனக்கு வந்துச்சா?"

"இல்லக்கா."

"நல்லா பாரு. என்னோடது பொடி எழுத்துல வந்திருக்கும்."

திரையைத் திருப்பிக் காட்டினேன். இல்லை.

"இந்த வருசத்தோட வயசு முடியுது எனக்கு. அடுத்த தடவ போனா நோயாளின்னு நெனச்சு படுக்க வச்சிருவாங்க."

சிரித்தார். கலஹா பஸ் வந்தது, ஓடிவிட்டார்.

நகரசபை வேலைக்கு அம்மா போடும் பூட்ஸ் ஒழுகுகிறது. காகிதம் திணித்து வைத்தேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய்

காலையில் வெயில். பிறகு நடந்ததில் வானத்தைப் பார்க்கவில்லை.

கமலா அக்கா கோல். "யோகேசுக்கு வரலன்னு சொன்னியாமே? நான் பயிற்சி நிலையத்துல கேட்டேன் புள்ள. ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் அனுப்பினாங்களாம். அவகிட்ட இன்னும் சொல்லல, நீ பாத்துச் சொல்லு."



என்ன நடந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. ஆங்கில முகவரியை முழுதாக அடிக்க எனக்குப் பயம், ஒரு எழுத்து பிழைத்தாலும் போகாது. அதனால் கமலா அக்காவுக்காக அனுப்பிய மெயிலையே திறந்து, பெயரை மாற்றி, படிவத்தை மாற்றி, யோ. அக்காவுக்கும் அனுப்பினேன். எல்லோருக்கும் அப்படித்தான் செய்வேன். மெயில் மென்பொருளுக்கு அது ஒரே பேச்சு. வந்த பதில் இரண்டையும் ஒரே வரிக்குள் மடித்து வைத்திருக்கிறது. வரியின் முன்னால் சின்ன அம்புக்குறி இருந்தது, இப்போது ஞாபகம் வருகிறது. அதை அழுத்தினால் விரிந்திருக்கும். நான் மேலே இருந்ததை மட்டும் ப்ரிண்ட் எடுத்து, வரியை அழித்தேன். இரண்டும் போய்விட்டன.

ட்ரேஷில் பார்த்தேன். ஒன்றுமில்லை. கடை மூடும்போது நானா தினமும் காலி செய்வார்.

பயிற்சி நிலையத்துக்குக் கோல் எடுத்தேன். ஒரு பெண் சிங்களத்தில், "கவுத கதா கரன்னே?" யார் பேசுவது என்று கேட்கிறார். என் பெயரைக் கூடச் சொல்ல முடியவில்லை. வைத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொல்லி எழுப்பினால் வருமே, அதே வியர்வை. அதற்குப் பயந்துதான் பள்ளியை விட்டேன். இங்கேயும் வந்துவிட்டது.

நானாவிடம் சொல்லவில்லை. யோ. அக்காவிடமும் இல்லை.

ஒக்டோபர் 15, புதன்

வானம் மப்பு.

நானா கணினியோடு சண்டை. "எவ்வளவு அழிச்சாலும் இந்த மெயில் ஃபைல் கொறயவே மாட்டேங்குது புள்ள. திண்டு திண்டு ஊதிப்போய் ஈக்குது."

கையில் இருந்த ஸ்டேப்ளரைக் கீழே வைத்தேன். அழித்தால் ஏன் குறையவில்லை?

நானா மதியம் லுஹர் தொழப் போனதும் அந்த ஃபைலை நோட்பேடில் திறந்தேன். திறக்கவே நேரம் எடுத்தது. எல்லா மெயிலும் ஒன்றின் வாலில் ஒன்றாக, ஒரே நீள எழுத்து. வரிசை இல்லை, தடித்த எழுத்து இல்லை, அம்புக்குறி இல்லை. நாங்கள் திரையில் பார்ப்பது வெறும் பட்டியல். மெயில்கள் இருப்பது இங்கே.

யோகேஸ்வரி என்று ஆங்கிலத்தில் தேடினேன். இருந்தது!

வெள்ளி, நேர்முகம். வருவதாக வியாழன் மதியத்துக்குள் மெயிலில் பதில் அனுப்ப வேண்டும். இணைத்திருக்கும் அனுமதிக் கடிதம் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அந்தக் கடிதம் மட்டும் எழுத்தாக இல்லை. அர்த்தமில்லாத எழுத்தும் எண்ணும் பக்கம் பக்கமாக, சுவர் மாதிரி.

தேடும்போது மற்றவர்களுடையதும் கண்ணில் பட்டது. ஒரு அக்கா, குவைத்திலிருக்கும் புருஷனுக்குச் சொல்லச் சொல்ல நான் தட்டிய மெயில். அவர் முன்னாலேயே பதிலை அழித்துக் காட்டினேன். போயிருச்சு அக்கா என்றேன். போகவில்லை. மெயிலின் தலையில் அழித்ததற்கு ஒரு குறி, அவ்வளவுதான்.

நானாவின் செருப்புச் சத்தம். மூடிவிட்டு மென்பொருளைத் திறந்தேன். நடுத்திரையில் ஒரு பெட்டி: அழித்தவற்றை நீக்கி இடத்தை மிச்சப்படுத்தவா? நானா என் தோளுக்கு மேலால் பார்த்தார்.

"அட, இதத்தான் நான் தேடினது. ஓகே அடி."

அடித்தால் யோ. அக்காவுடையது ஃபைலிலிருந்தும் போய்விடும். மௌஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் நானா."

"ஏன்?"

"இப்ப வேணாம்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். இந்தக் கடையில் நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. "சரி, நாளைக்கி நான் அடிக்கிறேன். நீ என்ன, பேய் கண்ட மாதிரி ஈக்கிறா."

ஒக்டோபர் 16, வியாழன்

நல்ல பனி. பஸ் பிந்தியது. நானா எனக்கு முன்னால் வந்திருந்தால்? இல்லை. டோனர் வாங்க கண்டிக்குப் போயிருந்தார்.

மென்பொருளை மூடினேன். ஃபைலைப் பென் ட்ரைவில் ஒரு பிரதி எடுத்தேன். பிறகு ஒவ்வொரு மெயிலின் தலையையும் பார்த்தேன். திரையில் இருப்பவற்றில், திறக்காததற்கு 0, திறந்ததற்கு 1. யோ. அக்காவுடையதில் 8. திறக்காமல் அழித்தது. 8ஐ 0 ஆக்கினேன். சேமித்தேன்.

திறந்தால் திரையில் வரவில்லை.

உள்ளதையும் கெடுத்துவிட்டேனா? பட்டியல் பழையது, அதற்கு இன்னும் தெரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்பொக்ஸின் விபரங்களுக்குள் பழுதுபார்க்கும் பட்டன் ஒன்று. அழுத்தினேன். எல்லா வரிகளும் மறைந்தன. வெள்ளைத் திரை. முருகா. பிறகு ஒவ்வொன்றாக மேலிருந்து இறங்கின. நடுவில், தடித்த எழுத்தில், அவருடையது. இணைப்பும் திறந்தது.

அப்போதும் பயம் போகவில்லை. வருவதாக மதியத்துக்கு முன்னமே பதில் அனுப்பினேன். போய்விட்டது. பிறகு யோ. அக்காவுக்குக் கோல். சிக்னல் இல்லை. திரும்ப, திரும்ப. எடுத்தார். பின்னால் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் சத்தம், யாரோ சண்டை.

"அக்கா, ஒங்க மெயில் திங்கக்கிழமையே வந்துச்சு. நாந்தான் தெரியாம அழிச்சிட்டேன்."

சண்டைச் சத்தம் தூரப் போனது. அக்கா தள்ளி வந்துவிட்டார்.

"இப்ப இருக்கா?"

"இருக்கு. நாளைக்கு நேர்முகம்."

"நாளைக்கா! அடிப்பாவி. ப்ரிண்ட் அடிச்சு வை. எடுத்துட்டுப் போறேன். ஏசுறத பொறவு வந்து ஏசுறேன்."

ஒக்டோபர் 17, வெள்ளி

மழை இல்லை. தீபாவளி உடுப்பு வாங்கப் போகிறவர்களால் பஸ் நிறைந்து போகிறது.

மதியம் கடையில் நாலைந்து பேர். யோ. அக்கா நேர்முகம் முடித்து நேரே வந்தார். பொட்டு, வெள்ளைச் சேலை.

"எடுத்துட்டாங்க! தீபாவளி முடிஞ்சதும் வரச் சொல்லிட்டாங்க."

என் கன்னத்தைக் கிள்ளினார். பிறகு ஏசத் தொடங்கினார். "மூணு நாளு என்னய கெடக்க வச்சியே, வாயில என்ன கொழுக்கட்டயா? திங்கக்கிழமையே அழிச்சேன்னு சொன்னா நான் என்ன ஒன்ன திங்கவா போறேன்?" சிரித்துக்கொண்டுதான். ஆனால் அக்காவின் குரல் மலையில் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் கூப்பிடுகிற குரல். நானா ஃபோட்டோகொப்பி மெஷினை நிறுத்திவிட்டார். எல்லாவற்றையும் கேட்டார்.

ஆட்கள் போன பிறகு நானா, "என்ட மெயில் ஃபைலுக்குள்ள கை வச்சியா?"

ஆமென்று தலையாட்டினேன்.

"நாளைக்கி ஒன்ட உம்மாவ கூட்டிக்கொண்டு வா புள்ள." அவ்வளவுதான். கோபமா, இல்லையா, முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அடுப்புக்கு முன்னால் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது போய்ச் சொல்லப் போகிறேன்.