தைத்து மூடிய கம்ப்யூட்டர்

மார்ச் 3

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். எட்டு மாதமாக உன் வீட்டில் தங்கியிருக்கும் உன் அத்தையும் நன்றாகத்தான் இருப்பாள். நான் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். கடையில் எம்ப்ராய்டரி மெஷினை ஓட்டுகிற கம்ப்யூட்டர் திங்கட்கிழமை ஒரு அறிவிப்பு காட்டியது: 'இந்த சிஸ்டத்துக்கு இனிமேல் ஆதரவு கிடையாது.' பதினாறு வருஷம் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உழைத்தது திடீரென்று இப்படிப் பேசுகிறதென்றால், எவனோ சொல்லிக்கொடுத்திருக்கிறான். மெக்கானிக்கைக் கேட்டேன். "புது சிஸ்டம் போட்டா இந்த மெஷின் அதோட ஒத்துப்போகாதுண்ணே, மெஷினையே மாத்தணும்" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு சரியில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன்தான். ஆனால் பெரிய பெரிய கம்ப்யூட்டர்காரர்களே என்னிடம் சந்தேகம் கேட்டுத் தெளிந்து போயிருக்கிறார்கள். இருந்தாலும் படித்தவள் நீ. இதில் யார் கை இருக்கிறது என்று எழுது. ஃபோன் வேண்டாம், மெயிலும் வேண்டாம். ஒட்டுக்கேட்பார்கள்.

யாரையும் நம்பாத,
மாமா

மார்ச் 9

அன்புள்ள மாமாவுக்கு,

யார் கையும் இல்லை. சிஸ்டம் பழசாகிவிட்டது. அதைச் செய்த கம்பெனி இனி அதிலுள்ள ஓட்டைகளை அடைக்காது, அவ்வளவுதான். இன்டர்நெட் வயரை உருவிவிடுங்கள். வைரஸ் பயம் குறையும், மெஷினும் பழையபடி ஓடும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டருக்கு வயசாகிவிட்டது, எந்த நாளும் படுத்துவிடலாம். டிசைன்கள் எல்லாவற்றையும் பென் டிரைவில் ஏற்றி எனக்கு அனுப்புங்கள், பத்திரமாக வைக்கிறேன். சீக்கிரம், மாமா.

நீங்கள் கேட்காத அத்தை நலம்.

உங்கள் மருமகள்

மார்ச் 15

மருமகளே,

வயரை உருவிவிட்டேன். பாதி வழி வந்த வைரஸ் ஒன்று என் முகத்தைப் பார்த்துத் திரும்பி ஓடியது.

அது கிடக்கட்டும். 'எனக்கு அனுப்புங்கள்' என்றாயே, அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. ஊசியில் நூல்கூடக் கோக்கத் தெரியாத உனக்கு டிசைன் எதற்கு? 'சீக்கிரம்' வேறு! மடியில் கனமில்லையென்றால் வழியில் என்ன பயம்? உன் எழுத்துக்குள்ளே உன் அத்தையின் குரல் கேட்கிறது.

இன்றே கம்ப்யூட்டருக்குக் கனத்த துணியில் உறை தைத்து மூடிவிட்டேன். பென் டிரைவ் சொருகுகிற இடமெல்லாம் உள்ளே. தையல்மேல் என் கையெழுத்து. எவன் பிரித்தாலும் தெரிந்துவிடும். "அண்ணே, காத்துப் போகலைன்னா சூட்டுல செத்துரும், பிரிங்கண்ணே" என்று மெக்கானிக் கெஞ்சுகிறான். அவனையும் நீங்கள் வளைத்துவிட்டீர்களா?

அந்த நானூற்றுப் பன்னிரண்டு டிசைனும் நான் கண்ணை மூடிக்கொண்டு வரைந்தவை. இது ஊருக்கே தெரியும்.

மாமா

மார்ச் 21

மாமா,

உங்கள் சந்தேகம் பாதி சரி. சிஸ்டத்தைப் பற்றி நான் எழுதியது அத்தனையும் உண்மை. டிசைன்களைக் கேட்கச் சொன்னது அத்தை. அதை மறைத்தது என் தப்பு.

இங்கே ஒரு துணி நிறுவனத்தில் டிசைன் வரைய ஆள் எடுக்கிறார்கள். வரைந்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு ஏப்ரல் நான்காம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை கையில் ஒன்றுமில்லை. எல்லாம் உங்கள் கம்ப்யூட்டரில், உங்கள் பெயரில்.

நேற்று அத்தை சொன்னது: "கடைக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் நான் வரைஞ்சதைத் தன்னோடதுன்னு சொல்லுவார். நான் பக்கத்துலயே நூலை அறுத்துக்கிட்டு நிப்பேன். ஒருநாளாவது என் பக்கம் திரும்புவாரான்னு பார்த்தேன். திரும்பலை, கிளம்பிட்டேன்."

அந்தக் கம்ப்யூட்டர் போனால் அத்தையின் பதினாறு வருஷமும் போய்விடும், மாமா.

உங்கள் மருமகள்

மார்ச் 27

அன்பு மருமகளுக்கு,

இத்துடன் பென் டிரைவ் ஒன்று. ஒற்றை ஆளாக ஐந்தே நிமிஷத்தில் ஏற்றினேன். சரி, இரண்டு நாள். மெக்கானிக்கும் இருந்தான். உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் கம்ப்யூட்டர் உறைக்குள்ளேயே வெந்து அணைந்துவிட்டது. கத்தரியை எடுத்து உறையைக் கிழித்தேன். மாறி மாறி விசிறினோம். மறுநாள்தான் கண் திறந்தது. எண்ணிப் பார்த்தேன், நானூற்றுப் பன்னிரண்டும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அது எழவில்லை. மெஷினும் சும்மா நிற்கிறது.

அவள் பக்கத்தில் நின்றது எனக்குத் தெரியும். நான் திரும்பிப் பார்த்தால் வந்தவர்களும் அவளைப் பார்ப்பார்களே, அப்புறம் என்னை யார் பார்ப்பார்கள்?

கூட ஒரு தாள் வைத்திருக்கிறேன். அந்த நிறுவனத்தில் காட்டச் சொல். 'இந்த டிசைன்கள் எல்லாம் என் மனைவி வரைந்தவை. நான் மெஷினுக்கு நூல் மாட்டினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 'நூல் மாட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை' என்று மூன்றாவது வரி எழுதி, அடித்துவிட்டேன். அடித்தது தெரிகிறது. வேறு நல்ல தாள் இல்லை.

ஒன்று சொல்கிறேன், அவளிடம் சொல்லாதே. டிசைன் இங்கே இருந்தால், அதைத் தேடியாவது ஒருநாள் வருவாள் என்று நினைத்திருந்தேன். வேலை கிடைத்தால் வரமாட்டாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாலாம் தேதி நேரத்தோடு கிளப்பிவிடு. வாசல்வரை போய்த் தயங்கி நிற்பாள். பின்னாலிருந்து லேசாகத் தள்ளிவிடு.

மாமா