கதவோடு சேர்ந்து வரும் கோடு

1988 ஜூன் 9

இன்ஜினீயர் சென்னப்பன் மூன்றாவது தடவையும் அதே பிளானைத்தான் நீட்டினான். கக்கூஸ் கொல்லைக் கடைசியில், கதவு இரண்டடி. என் மனைவி காவேரியின் சக்கர நாற்காலி அந்தக் கதவுக்குள் நுழையாது என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று. எட்டாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவன்.

"வூட்டுக்குள்ள கக்கூஸ் வெச்சா உங்க வூட்ல யாரும் கை நனைக்க மாட்டாங்க சார். இதெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டது, சும்மா சும்மா மாத்த முடியாது. வேணும்னா நீங்களே வந்து போட்டுக்கறீங்களா?"

சிரித்தான். அங்கே உட்கார்ந்திருந்த சிமெண்டுக் கடைக்காரரும் சிரித்தார்.

"போட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஏன் சொன்னேன்?

ஜூன் 10

காவேரி இன்றும் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கவில்லை.

முதுகுத்தண்டில் வந்த காசநோய் போய்விட்டது, போகும்போது கால்களையும் கொண்டுபோய்விட்டது. தம்பி நஞ்சப்பன் வீட்டில்தான் இருக்கிறோம். பின்பக்கம் ஓலைத் தட்டி மறைப்பு வரைக்கும் நானும் தம்பி மனைவி செல்லம்மாளும் அவளைத் தூக்கிப் போகவேண்டும். செல்லம்மாள் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் அடுப்படியிலிருந்து எழுந்து வரும்போது பாத்திரத்தை வைக்கும் சத்தம் இருக்கிறதே, அது போதும். அதற்குப் பயந்து இவள் தண்ணீரைக் குறைத்துவிட்டாள். இந்த வெயிலில்.

இங்கே இண்டூரில், தம்பி வீட்டை ஒட்டிய என் பங்கு நிலத்தில் வீடு கட்டலாம் என்றதும் அவள் கேட்டது இவ்வளவுதான்: "எனக்கு மாடி வேணாம், மொசைக் வேணாம். நானா போயி நானா கதவச் சாத்திக்கற மாதிரி ஒரு எடம் வேணுமுங்க."

ஜூன் 14

தர்மபுரியில் சென்னப்பன் ஆபீஸ் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது. கோயில் மாதிரி வாசலில் விட்டுவிட்டுப் போனேன். உள்ளே மார்கழிக் குளிர். பச்சை எழுத்து மின்னும் ஒரு பெட்டி, அதன் முன்னால் நசீம் பானு. சென்னப்பனிடம் படம் போடும் வேலை பார்க்கிறவள். முப்பது வயது இருக்கும். எனக்குக் கற்றுக்கொடுப்பது அவள் வேலையில் சேர்ந்ததில்லை, அதை முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தாள்.

"மெதுவா சார். மெதுவா! அது கரும்பலகை இல்ல, அமுக்கி எழுதறதுக்கு."

வீட்டுப் படம் போடுவதற்கென்றே ஒரு புரோகிராம். சுவர் வேண்டும் என்று டைப் அடித்தால் எங்கிருந்து எங்கே என்று கேட்கிறது. சொன்னால் கோடு போடுகிறது. அவள் விரல்கள் ஓடின. "இப்டி, இப்டி, இப்டி, அவ்ளோதாங்க சார்." ஒன்றும் புரியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்றவன் நான். "அவ்வளவுதான்" என்று சொல்லிக்கொடுப்பது சொல்லிக்கொடுப்பதே இல்லை. ஆனால் இன்று கடைசி பெஞ்சில் இருப்பவன் நான்.

ஜூன் 23

கரண்டு போயிற்று. காலையிலிருந்து போட்ட நாலு சுவரும் போயிற்று.

"சேவ் பண்ணீங்களா?"

"நீ சொல்லலியேம்மா."

"சோத்த வாயில வெச்சா முழுங்கணும்னு யாராச்சும் சொல்லுவாங்களா சார்?"

கடைசி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். காவேரி "வூடு எந்த மட்டும் வந்திருக்குது?" என்று கேட்டாள். அஸ்திவாரம் என்றேன்.

ஜூலை 4

உதவிக்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் இங்கிலீஷில் ஒரு பக்கம் வரும். 'தவறான புள்ளி' என்று திரையில் வந்தது. ஏன் தவறு என்று உதவியைக் கேட்டேன். 'நீங்கள் தந்த புள்ளி தவறானது' என்று வந்தது! புரியவில்லை என்று எழுந்து நின்ற பையனுக்கு அதே வரியை இன்னும் சத்தமாக வாசித்துக் காட்டும் வாத்தியார்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரை அமெரிக்காக்காரன் பிடித்து இந்தப் பெட்டிக்குள் போட்டுவிட்டான் போலிருக்கிறது.

இதைச் சொன்னதும் நசீம் பானு முதல் தடவையாகச் சிரித்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்துப்போட்டு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாள்.

ஜூலை 12

கட்டில் போட்டேன், மேஜை போட்டேன். எல்லாம் வெறும் கட்டம். "உயரமே தெரியலியேம்மா" என்றேன். "மேலருந்து பாக்கறோம் சார்" என்றாள்.

இதை நான் எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்! ஒரு டம்ளரை மேஜைமேல் வைத்து, பையன்களைப் பெஞ்சுமேல் ஏறி நின்று நேர் மேலிருந்து பார்க்கச் சொல்வேன். வட்டம் தெரிகிறதா? எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், சொல்லுங்கள். யாராலும் சொல்ல முடியாது. நசீம் பானுவுக்கும் சொன்னேன். "நல்லா இருக்குது சார் எக்சாம்பிள்" என்றாள். வீடு வரைக்கும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஜூலை 20

கதவுகள் வைத்தேன். மூன்றடிக் கதவு, எல்லா அறைக்கும். குளியலறையும் கக்கூஸும் ஒன்றாக, படுக்கையறையை ஒட்டி. நாற்காலி உள்ளே ஒரு முழு வட்டம் அடிக்க இடம் விட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். ஒவ்வொரு கதவு வைக்கும்போதும் வாசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கோடு தானாக வந்து விழுகிறது. எதற்கு?

"அது கதவோட சேந்து வரும் சார். அழிச்சீங்கன்னா கதவும் போயிரும். உட்ருங்க."

விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 3

பிரிண்டர் கறகறவென்று கத்திக் கத்தி என் வீட்டைத் துப்பியது. காகிதத்தை மடிக்காமல் சுருட்டி எடுத்து வந்தேன். காவேரி மடியில் விரித்துவைத்து, விரலால் கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை போய்வந்தாள். இரண்டு தடவை.

சென்னப்பன் ஒரு பிரதியை அவன் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறானாம். கீழே அவன் பெயர்.

ஆகஸ்ட் 25

அஸ்திவாரம் தோண்டியாயிற்று. நஞ்சப்பன் வந்து கயிறு கட்டியிருந்ததைப் பார்த்தான்.

"ஏண்ணா, வாசலா இது? மாட்டுக் கொட்டாய்க்கு வெக்கற மாதிரி இருக்குது."

"நாற்காலி போகணும்டா."

"அது சரி. அண்ணி எத்தன நாளைக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டான். நிறுத்தினால் என்ன? சொல்லிவிட்டான்.

அக்டோபர் 27

இன்று முன்வாசல் நிலை வைத்தோம். அடியில் நவதானியம், நிலைக்கு மஞ்சள், குங்குமம், மாவிலை. அதில் மட்டும் நிலைப்படி இருக்கட்டும், நாலு பேர் சொல்வதற்கும் ஒரு மரியாதை உண்டு. நாற்காலிக்குப் பக்கவாசல், சிமெண்டுச் சாய்வோடு. மேஸ்திரி மாதுவிடம் சாய்வின் அளவை மண்ணில் வரைந்தே காட்டினேன். "தெரியுதுங்க வாத்தியாரய்யா, பிளான்ல எப்டியோ அப்டியே" என்றார்.

நவம்பர் 6

வேலூருக்குப் புறப்படுகிறோம். அங்கே ஆஸ்பத்திரியில் காவேரியின் கைகளுக்குப் பயிற்சி. மீதி வேலையை நஞ்சப்பன் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். பிளான் அவனிடம்.

நவம்பர் 30, வேலூர்

நாற்காலியிலிருந்து பக்கத்து முக்காலிக்கு அவளாக மாறி உட்கார்ந்தாள். வியர்த்துக் கொட்டியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன், பயிற்சி கொடுக்கும் அம்மாவின் உத்தரவு. மறுபடி திரும்பி மாறினாள்.

மத்தியானம் கேட்டு வாங்கி இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தாள்.

டிசம்பர் 22

வந்து சேர்ந்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகப் புது வீட்டுக்கு. அவள்தான் அவசரப்பட்டாள்.

பக்கவாசல் சாய்வு நன்றாக இருக்கிறது. ஏறினாள். உள்ளே போனாள். போய் இடித்தாள்.

உள்ளே எல்லா வாசலிலும் படி. நாலு விரற்கடை உயரம், தேக்கு. கூடத்தில், படுக்கையறையில், கக்கூஸில். ஒவ்வொன்றிலும் மஞ்சள் பூசிப் பொட்டு.

ஐயோ, எதுக்குடா? எதுக்கு? யாருக்காகக் கட்டினேன் இந்த வூட்ட?

டிசம்பர் 23

மாது பிளானைக் கொண்டுவந்து விரித்தார். "கோடு இருக்குதுங்களே வாத்தியாரய்யா. வாசலுக்கு வாசல் கோடு போட்டிருக்கறீங்க."

இருக்கிறது. வாசலுக்குக் குறுக்கே, நானே வைத்த கோடு.

"இல்லேன்னாலும் நிலைன்னா நாலு சட்டந்தானுங்களே. மூணு சட்டத்துல யாரு நிலை செய்வாங்க?"

படி இல்லாமல் என்று நான் எங்கும் எழுதவில்லை. எனக்கு அது அவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்த விஷயம். படி உண்டு என்பது அவருக்கு அதே அளவு வெளிச்சம். எழுதவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, கேட்கவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை. மேலிருந்து பார்த்தால் டம்ளர் வட்டம். பெஞ்சுமேல் ஏறி நின்றவன் நானேதான்.

நஞ்சப்பன்: "ரெண்டு பேரு ரெண்டு பக்கம் புடிச்சா தாண்டாதா? இதுக்குப் போயி."

அவனுக்கு இன்னும் புரியவில்லை. அந்த ரெண்டு பேர் வேண்டாம் என்றுதான்டா வீடே.

டிசம்பர் 26

தர்மபுரி போய் நசீம் பானுவிடம் கத்திவிட்டேன். 'உட்ருங்க' என்றாயே, உன் பேச்சைக் கேட்டுத்தானே விட்டேன் என்று. அவள் வேலையை நிறுத்தவே இல்லை.

"கம்ப்யூட்டர் கோட்டத்தான் சார் சொன்னேன். அது படின்னு எனக்கு எப்டித் தெரியும்? எங்க வூட்லயும் எல்லா வாசல்லயும் படி இருக்குது, யாரும் எழுதிக் குடுத்து வெக்கல. ஓரமா 'படி வேணாம்'னு ரெண்டு வார்த்தை எழுதியிருக்கலாமில்ல? உங்க கையெழுத்துதான் முத்து முத்தா இருக்குமே."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்தேன்.

1989 ஜனவரி 3

மற்ற வாசல்களுக்கு இரண்டு பக்கமும் சிமெண்டில் சாய்வு போட்டுவிடலாம். கக்கூஸில் முடியாது. உள்ளே சாய்வு போட்டால் நாற்காலி திரும்ப இடம் இல்லை. அங்கே படியை அறுக்கத்தான் வேண்டும். தச்சரைக் கேட்டேன். மஞ்சள் வைத்த படியில் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

மஞ்சள் வைத்தது செல்லம்மாள். கக்கூஸ் படிக்குமா என்று கேட்டேன். "நிலைன்னா நிலைதானுங்க மாமா. அக்காளுக்கு நல்லது நடக்கணும்னுதான் வெச்சேன்." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. பாத்திரச் சத்தம் போடுகிறவளும் இவள்தான். இவளும் இவள்தான்.

ஜனவரி 5

காவேரியே வேண்டாம் என்கிறாள்.

"அறுக்காதீங்க. நாளைக்கு நஞ்சப்பன் புள்ளைங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் என் தலைலதான் விழும். தூக்கிட்டே போங்க. பழகிருச்சு."

பழகிவிட்டதாம். இன்று பத்து மணிக்குக் குடித்ததுதான், அப்புறம் ஒரு வாய் இல்லை. நாக்கு வெடித்திருக்கிறது.

ஜனவரி 12

அறுத்துவிட்டேன்.

தச்சரிடம் ரம்பத்தை மட்டும் வாங்கிவந்தேன். காலையில் ஆரம்பித்து மத்தியானம் வரை. தேக்கு எளிதில் விடவில்லை, எனக்கோ கை பழக்கமில்லை. சத்தம் கேட்டு வந்த செல்லம்மாள் வாசலில் நின்று பார்த்தாள். மஞ்சள் தூள் தரையில் கொட்டிக் கிடந்தது. திரும்பிப் போய்விட்டாள்.

பிறகு நஞ்சப்பன். உள்ளே வரவில்லை. வெளியே நின்றே சொன்னான்: "எங்க வூட்லருந்து இனி ஒருத்தரும் இங்க வரமாட்டோம். நீயும் வராத."

பால் காய்ச்சுவதற்கு முன்பே, இன்று ராத்திரியே, எங்கள் சாமான்களோடு இந்த வீட்டுக்கு வந்துவிட்டோம். காவேரியும் என்னோடு பேசவில்லை.

ஜனவரி 14

பொங்கல். பொங்கவில்லை.

ஜனவரி 27, வெள்ளி

பால் காய்ச்சினோம். சொந்தம் எல்லோரும் வருவார்கள் என்று முன்பே சொல்லிவைத்த பால், இரண்டு பெரிய குண்டா. வந்தது நசீம் பானு, அவள் அம்மா, மேஸ்திரி மாது. தம்பி வீடு பூட்டியிருக்கிறது. பென்னாகரத்தில் ஏதோ விசேஷமாம்.

அடுப்பு மூட்டும் நேரத்தில் காவேரி நாற்காலியைத் திருப்பினாள். புதுப் புடவையோடு, தானே உருட்டிக்கொண்டு, கூடத்துச் சாய்வில் ஏறி இறங்கி, படுக்கையறைச் சாய்வில் ஏறி இறங்கி. பின்னால் போனேன். கக்கூஸ் வாசலில் நின்றாள். படி இருந்த இடம் இன்னும் பூசாமல் கரடுமுரடாக இருந்தது. அதைக் குனிந்து பார்த்தாள்.

"இதுக்காக ஒரு குடும்பத்தையே அறுத்துட்டீங்களே."

பழக்கதோஷத்தில் நாற்காலியைப் பிடித்திருந்தேன்.

"கைய எடுங்க. போயி பாலப் பாருங்க."

எடுத்தேன். உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்ததை நசீம் பானுவின் அம்மாதான் பார்த்தார்களாம்.

சாயங்காலம் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைத்தாள்.